இடது குதிகால்

...பல் துலக்கினேன், முகம் மழித்தேன், இரண்டு ரொட்டித் துண்டு, மாப் குச்சி சாய்ந்திருக்கும் மூலையைப் பார்க்காமல் கதவைப் பூட்டினேன், கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறி, இறங்கி, பிரிக்பீல்ட்ஸ் வரை நடை. முன்னால் போகிறவர்களின் கால்களைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை, இந்த ஆன்டிக்கு வலது இடுப்பு இறங்குகிறது, அந்த டை கட்டியவருக்கு முழங்கால் உள்ளே சாய்கிறது... யார் கேட்டார்கள்? இதுதான் என் பிசியோதெரபி வேலை, உடல் அசைவதைப் பார்த்து எங்கே பலவீனம், எது நாளைக்கு அடிபடும் என்று முன்னதாகச் சொல்வது. முன்னதாக.

முதல் ஆள் கார்த்திகேசு, பண்டமாரானில் கிடங்கு வேலை, நான் கையெழுத்துப் போட்டால் இன்றைக்கே வேலைக்குத் திரும்பலாம். குச்சியைத் தலைக்குமேல் பிடித்துக் குந்தச் சொன்னேன். இடது குதிகால் தரையை விட்டு எழும்பியது. இன்னொரு தடவை. எழும்பியது. கெண்டைக்கால் இறுக்கம், வேறென்ன, கல்லூரியில் முதல் வருடப் பாடம்... ஷாமினிக்கும் அதைத்தான் சொன்னேன், மூன்று நாளாகக் கால் வலி என்றாள், சமையலறையில் மாப் குச்சியைத் தூக்கிப் பிடித்து, சிரித்துக்கொண்டே குந்தினாள், நான் கதவில் சாய்ந்தபடி கண்ணால் மட்டும் பார்த்தேன், தசையை நீட்டும் பயிற்சி செய்தால் போய்விடும் என்றேன். கை வைத்திருந்தால் சூடு தெரிந்திருக்கும். வீக்கம் தெரிந்திருக்கும். சொந்த மனைவியின் காலைத் தொட என்ன தடை? மறுநாள் அவள் எழும் முன்பே வேலைக்குப் போய்விட்டேன், மதியத்துக்குள் ரத்தக்கட்டி காலிலிருந்து நுரையீரலுக்குப் போயிருந்தது. அவள் போய் ஐந்து மாதம்.

அளவு நாடாவை எடுத்துக் கார்த்திகேசுவின் இரண்டு கெண்டைக்கால்களையும் அளந்தேன். முப்பத்தாறு சென்டிமீட்டர், முப்பத்தாறு. வீக்கமில்லை, சூடில்லை. மறுபடி அளந்தேன். "என்ன பாஸ், டெய்லர் மாதிரி அளக்கறீங்க, சிலுவார் தைக்கப் போறீங்களா?" முப்பத்தாறுதான். மூன்றாவது தடவை அளந்தபோது அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். வெறும் இறுக்கம், எனக்குத் தெரியும்... அன்றைக்கும் தெரிந்ததே? மருத்துவமனையில் ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கடிதம் எழுதினேன். "ஐயோ பாஸ், இன்னிக்குப் போகலன்னா என் எடத்துல வேற ஆளப் போட்டுருவான் லா. மூணு தடவ அளந்துட்டீங்க, ஒண்ணும் இல்லன்னு எழுதிக் குடுங்க." நான் பார்ப்பது இவர் காலையா, அவள் காலையா? கடிதத்தை நீட்டிக்கொண்டே நிற்கிறேன், அவர் வாங்கவில்லை, நானும் கையை மடக்கவில்லை. ஷாமினி குந்திக் காட்டிய அன்று ராத்திரி, எதற்கும் கிளினிக் போய்விட்டு வரலாமா என்று நானும் ஒப்புக்குக் கேட்டேன்தான். மாப்பை மூலையில் சாய்த்துவிட்டுச் சொன்னாள்:

"நீங்கதான் பாத்துட்டீங்கல்ல, அப்புறம் என்ன லா."