அலம்பாத போத்தல்கள்

வீட்டில் காய்ச்சிய பியர் மூன்றாவது தடவையும் புளித்துப்போயிருந்தது. என் மனுசன் தேவதாசன் ஒரு மிடறு குடித்துப் பார்த்துவிட்டு, முகத்தைக்கூடச் சுளிக்காமல் போத்தலைச் சிங்கில் கவிழ்த்தார். பிறகு அடுத்த போத்தல், பிறகு அதற்கடுத்தது. இரண்டு வார்த்தை ஏசியிருந்தாலாவது எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். துறைமுகத்தில் முதுகு அடிபட்டு வேலை போனபிறகு, இரண்டு வருடமாகச் சன்னலடியில் இருந்து பனியைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர். பியர் காய்ச்சுகிற இந்த வாளியும் குழாயும் வீட்டுக்கு வந்தபிறகுதான் காலையில் எழும்பிச் சவரம் செய்யத் தொடங்கினார்.

"விடுவம், யோசெப்பின். என்ர கைக்கு ஒண்டும் சரிவராது," என்றார்.

அந்தப் போத்தல்களில் என் கையும் பட்டிருந்தது அவருக்குத் தெரியாது.

முதல் வாளியை அவர் ப்ளீச் ஊற்றித்தான் கழுவினார். அந்தப் பியரில் ஆஸ்பத்திரி வாடை அடித்தது. அடுத்த முறை வீரியம் கூட்டுகிறாராம், ப்ளீச்சுக்குள்ளேயே சமையலுக்கு எடுக்கிற வினாகிரியை ஊற்றினார். நான் டோர்வல் விமான நிலையத்தில் விமானச் சாப்பாடு செய்கிற சமையற்கூடத்தில் எட்டு வருடமாகப் பாத்திரம் கழுவுகிறவள். வாடை மூக்கில் பட்டதுமே அது நச்சுப்புகை என்று விளங்கிவிட்டது. கார்த்திகைக் குளிரில், வீட்டுச் செருப்போடு, ஆளை வாசலுக்கு இழுத்துக்கொண்டு ஓடினேன். கண்ணால் தண்ணீர் வழிய இருமிக்கொண்டு, வினாகிரிதானே என்று என்னைச் சமாதானப்படுத்தப் பார்க்கிறார்! அன்றைக்கு நான் ஏசின ஏச்சு எங்கள் அஹுன்ட்சிக் பகுதி முழுக்கக் கேட்டிருக்கும். பிறகு குளியலறைக்குள் போய் அழுதது மட்டும் ஒருவருக்கும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகுதான் பியர்ச் சாமான் கடையில் கேட்டு, கிருமி கொல்லுகிற அமில மருந்தொன்று வாங்கிவந்தார். சொன்ன அளவுக்குத் தண்ணீரில் கலந்து, போத்தலுக்குள் இரண்டு நிமிடம் விட்டு, கவிழ்த்தால் போதுமாம். நுரை மிஞ்சினாலும் பாதகமில்லையாம், அலம்பவே கூடாதாம். யாருக்குக் காது குத்துகிறார்கள்? மருந்துப் போத்தலில் எலும்புக் கையொன்று கரைகிற படம் போட்டிருக்கிறது. அதை அலம்பாமல் விட்டு என் மனுசன் குடிக்கிறதா? என் வேலையிடத்தில் மருந்து போட்டால் மூன்று தரம் அலம்பவேண்டும். ஒரு தரம் குறைந்தாலும் மேற்பார்வைக்காரி பிரெஞ்சிலேயே குதறிவிடுவாள். ஆகவே அவர் முதுகு நோகிறதென்று சற்றுச் சாய்கிற நேரமாகப் பார்த்து, முப்பத்தாறு போத்தலையும் குழாயடியில் மூன்று தரம் அலம்பினேன். போதாதற்கு, அகப்பைக் காம்பில் சமையலறைத் துணியைச் சுற்றி உள்ளேயும் துடைத்து வைத்தேன். இந்த மருந்து வந்தபிறகு காய்ச்சிய மூன்று தடவையும் இதைத்தான் செய்தேன்.

போன கிழமை, வேலையில் மருந்து கலக்குகிற பெண்ணிடம் கதையோடு கதையாகக் கேட்டேன். அளவு சரியென்றால் அந்த மருந்தை அலம்பத் தேவையில்லை, துடைக்கிற துணியில்தான் பியரைப் புளிக்கவைக்கிற கிருமி இருக்கும் என்றாள். இன்றைக்குச் சொல்லுவோம், நாளைக்குச் சொல்லுவோம் என்று ஒரு கிழமையை ஓட்டிவிட்டேன்.

இப்போது அவர் வெறும் வாளியைத் தூக்கிக்கொண்டு குப்பைப் பக்கம் போனார்.

"இஞ்சாருங்கோ, அதை வையுங்கோ. நான்தான் அலம்பினனான்."

துணி, அகப்பை, எலும்புக் கை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வாளியை மெல்ல நிலத்தில் வைத்தார்.

"மூண்டு முறையுமோ?"

"ஓம்."

"ஏனப்பா?"

"நீங்கள் செத்துப்போவியள் எண்டு பயந்தனான்."

அவர் சிங்கிலிருந்து வெறும் போத்தலொன்றை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்த்தார். நான் சிங்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மருந்து அளக்கிறது இனி உம்மட வேலை," என்றார் கடைசியில்.

ஒரு மாதம் கழித்து, வெளியே பனி உருகி ஓடிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை, புதிதாகக் காய்ச்சிய பியரைப் போத்தலில் அடைக்க, கையுறை போட்டு மருந்தை அளந்து கலந்தேன். எல்லாப் போத்தலுக்கும் விட்டு, இரண்டு நிமிடம் மணிக்கூட்டைப் பார்த்து நின்று, கவிழ்த்தோம். கையுறையைக் கழற்றிவிட்டு முதல் போத்தலை எடுத்தேன். உள்ளே வெள்ளை வெளேரென்று நுரை. என் கை தன்பாட்டில் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போனது.

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் கையை எட்டிப் பிடித்து, போத்தலின் கழுத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டார். மற்றக் கையால் பியர்க் குழாயை உள்ளே இறக்கினார். அடியிலிருந்து பியர் ஏற ஏற, நுரை மேலே வந்து, வாய் தாண்டி, எங்கள் விரல்களின் மேல் வழிந்தது.