குதிருக்குப் பின்னால் கரிக்கோடுகள்

எங்கள் வீட்டுச் சுவருக்கு வெள்ளையடித்தபோது, என் மனைவி அமுதத்தின் மூன்று மாதங்களையும் சேர்த்து அடித்துவிட்டேன்.

முப்பத்தாறாம் வருஷம், பங்குனி மாதம். பாகூர் ஏரிக்குக் கிழக்கே எங்கள் கரும்பு ஆலையில் அச்சு முறிந்து எனக்கு இரண்டு நாள் ஓய்வு கிடைத்தது. சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருக்கத் தெரிந்திருந்தால் நான் ஏன் இந்தக் கதையில் மாட்டப்போகிறேன்? அமாவாசைக்கு என் அக்கா தனக்கொடி திருக்கனூரிலிருந்து வருகிறாள், வீடு பளிச்சென்று இருக்கட்டும் என்று சுண்ணாம்பைக் கரைத்தேன். நெல் குதிருக்குப் பின்னால், யாரும் எட்டிப் பார்க்காத இடத்தில், வரிசையாகக் கரிக்கோடுகள் இருந்தன. சில கோடுகளைச் சுற்றிக் குங்குமத்தால் சுழி. எவனோ கிறுக்கியிருக்கிறான் என்று அங்கே மட்டும் இரண்டு பூச்சு அதிகம் போட்டேன்.

தண்ணீர் எடுத்து வந்த அமுதம் குடத்தை இறக்காமலே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னா வேல பண்ணி வச்சிருக்கீங்க?"

"ஏன், வெளுப்பு பத்தலியா?"

"அது என் மூணு மாச நாள் கணக்கு."

கூலியாள் கணக்காக்கும் என்று நினைத்தேன். அவளே சொன்னாள். வீட்டுக்குத் தூரமான முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும், பத்திலிருந்து பதினாறு வரைக்கும் உள்ள நாட்களில் புருஷனும் பெண்டாட்டியும் பிரிந்திருக்கக் கூடாது என்று மருத்துவச்சி செங்கமலம் சொல்லியிருக்கிறாள். சுழி போட்டதெல்லாம் அந்த நாட்கள்.

"சுழி போட்ட நாள்ல நான் எங்க இருந்தேன்?" என்றேன், ஏதோ எனக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாதவன் மாதிரி.

"ஆலையில."

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். ஆலை ஓடுகிற காலத்தில், அடுப்பு எரிக்கிறவன் வீட்டில் படுக்கக் கூடாது. படுத்தால் பாகு முறிந்துவிடும், வெல்லம் கட்டாது. அடுப்பு எரிப்பது நான்தான். காய்ந்த கரும்புச் சக்கையை எந்த நேரத்தில் எவ்வளவு தள்ள வேண்டும் என்று என்னைப் போல் யாருக்கும் தெரியாது என்பது என் எண்ணம். என் கரும்பு முடிந்தால் பங்காளியின் கரும்பு, அது முடிந்தால் பக்கத்து ஊருடையது. தையிலிருந்து சித்திரை வரை அடுப்பங்குழியிலேயே குடித்தனம். வெல்லம் அருமையாகக் கட்டியது. வீட்டில்தான் ஆறு வருஷமாக ஒன்றும் கட்டவில்லை.

இதற்கு ஊரில் யாராவது காரணம் கேட்டால் கைவசம் ஒரு பதில் வைத்திருந்தேன். "வெத நெல்லு மொதல் தரம்பா. நெலந்தான் உவரு." ஆலைக் கொட்டகையில் நல்ல சிரிப்பு எழும். போன வருஷம் அக்கா வீட்டு விருந்தில், அமுதம் சோறு போட்டுக்கொண்டிருக்கும்போதே சொன்னேன். பந்தியே சிரித்தது. அவள் ஒரு பருக்கை சிந்தாமல் அடுத்த இலைக்குப் போனாள். அதை இன்றைக்கு நினைத்தாலும் என் காது சுடுகிறது.

அக்கா சும்மா வரவில்லை. எனக்கு இரண்டாவதாகக் கட்டிவைக்க ஒரு பெண்ணின் ஜாதகத்தோடு வருகிறாள். அமுதத்திடம் கேட்டதற்கு, "ஒங்க இஷ்டம்" என்றாள். இந்த இரண்டு வார்த்தையைத் தாண்டி அவளிடமிருந்து ஒன்றும் பெயரவில்லை.

வெள்ளைச் சுவரின் முன்னால் உட்கார முடியாமல் துண்டை உதறித் தோளில் போட்டேன். வைத்தியர் நாகராஜனிடம் ஓடினேன். "எல்லாம் கூடி வரும்" என்று லேகியம் கொடுத்தார். கோயில் குருக்கள் "சுவாமி சித்தம்" என்றார். செங்கமலம் மட்டும் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அவள ஆயிரம் தடவ பாத்தாச்சு. ஒன்ன எப்பனா யாருனா பாத்தாங்களா?" என்றாள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. பட்டணத்திலிருந்து மரியதாஸ் டாக்டர், பிரெஞ்சுக்காரர் நடத்தும் கொம்யூன் ஆஸ்பத்திரிக்கு வருகிற நாள். அமுதத்தைக் கூட்டிப் போனேன். நர்சம்மா அவளை உள்ளே பார்த்துவிட்டு வந்ததும், டாக்டர் என் கையில் ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டியைக் கொடுத்து, எதற்கென்று சொன்னார். நான் திரும்ப ஒரு தடவை சொல்லச் சொன்னேன். பிறகு பின்கட்டு அறையில் நான் பட்ட பாட்டை எழுதப்போவதில்லை. ஆறு வருஷமாக ஊரைச் சிரிக்கவைத்தவனுக்கு அன்றைக்கு ஒரு சிரிப்புகூட வரவில்லை.

மலைக்காய்ச்சல்காரர் ரத்தத்தில் கிருமி பார்க்கும் பூதக்கண்ணாடிக் குழாயில் டாக்டர் நெடுநேரம் குனிந்திருந்தார்.

"அடுப்பு முன்னால எவ்வளவு நேரம் உட்காருவீங்க?"

"விடிஞ்சதுலேர்ந்து பொழுது சாயற வரைக்கும்."

"சாராயம்?"

"கொஞ்சம்." அமுதம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "கொஞ்சம் அதிகமா."

"வித்துல உயிர் ரொம்பக் குறைவு. இருக்கறதும் சோர்ந்து கிடக்கு. அந்தச் சூடு காரணமா இருக்கலாம். அடுப்பையும் சாராயத்தையும் விட்டுட்டு ஆவணியில வாங்க. அந்த நாள் கணக்கு நல்ல கணக்குதான், விடாதீங்க."

"அப்ப பொறக்குமா?"

"பொறக்கலாம். பொறக்காமலும் போகலாம்."

ஏரிக்கரை வழியாக வீட்டுக்கு நடந்தோம். அவள் எப்போதும் போல நாலடி பின்னால் வந்தாள். நான் நின்றேன். அவளும் நின்றாள்.

"நாளைக்கு அக்கா வருது. ஜாதகத்த விரிக்கும். நான் இன்னா சொல்லட்டும்?"

"ஒங்க இஷ்டம்" வரும் என்று காத்திருந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"கொற ஒங்ககிட்டதான்னு சொல்லுங்க. இன்னொருத்தியக் கொண்டாந்தா அவளும் என்னாட்டம் கரிக்கோடு போட்டுக்கினு ஒக்காந்திருப்பான்னு சொல்லுங்க. அன்னிக்கு பந்தியில எல்லாரும் கேக்கறாப்பல சொன்னீங்க இல்ல, அதே கொரல்ல சொல்லுங்க. நான் சோறு போட்டுக்கினே கேக்கறேன்."