சத்தியபாயின் சாட்சி

புதுக்கடைப் பக்கத்தில் சத்தியபாயைப் போல சாட்சி சொல்ல ஆளில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு, ஆராதனை முடிவில் போதகர் "யாராவது சாட்சி சொல்லணுமா?" என்று கேட்டு வாயை மூடுமுன் எழுந்துவிடுவாள். ரப்பர் ஷீட்டு திருடி ஜெயிலுக்குப் போன மகன் ஜெப்சனைக் கர்த்தர் எப்படி மனுஷனாக்கினார் என்பதுதான் எப்போதும் விஷயம். சபைக்கே மனப்பாடம். ஆனாலும் அவள் அழுகிற இடத்தில் நாலு பேராவது கண்ணைத் துடைப்பார்கள்.

அந்தப் பெருமைதான் வினையாகிப் போனது.

சந்தையில் ஒரு குடிகாரன் மீன்காரியை வெட்ட ஓங்கிய கத்தியைத் தடுக்கப்போய் ஜெப்சனுக்கு வலது கை நரம்பு அறுந்துவிட்டது. ரப்பர் பால் வெட்டிப் பிழைக்கிறவனுக்குக் கைதானே எல்லாம். வெட்டுப்பட்டவர்களுக்கு அரசாங்கம் தருகிற இழப்பீடு கிடைத்தால் ஆபரேஷன் செய்து விரல்களை மடக்க வைக்கலாம் என்றார் டாக்டர்.

மனு கொடுத்தபின் விசாரணைக்கு வந்த அதிகாரி வாசலில் நின்றபடி, "பையன் எப்படிம்மா?" என்றுதான் கேட்டார். சத்தியபாய் அவரை உள்ளே அழைத்து, கட்டன்காப்பி கொடுத்து, முழுச் சாட்சியையும் சொன்னாள். திருட்டு, ஜெயில் எதையும் விடவில்லை. "இப்போ எனக்க மவன் தங்கம் சாரே" என்று முடித்தாள். அவர் முன்பாதியை மட்டும் எழுதிக்கொண்டு போனார்.

குற்றப் பின்னணி உள்ளவர் என்று மனு தள்ளுபடியானது. அவள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அந்தப் பழைய கேஸை யாரும் தோண்டியிருக்கப் போவதில்லை.

"எனக்க நாக்குதான் மக்களே ஒன்னக் கெடுத்தது" என்றாள் மகனிடம்.

இடது கையால் சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ஜெப்சன் நிமிரவில்லை. "உள்ளதத்தானே சொன்னிய. விடுங்கம்மா."

நாலு வார்த்தை ஏசியிருந்தால்கூட அவளுக்கு மனசு ஆறியிருக்கும். அவன் சோற்றை ஸ்பூனால் அள்ளுவதைப் பார்க்கும்போதெல்லாம் சத்தியபாய் தன் தட்டைத் தள்ளிவைத்து எழுந்துவிடுவாள்.

அடுத்த முதல் ஞாயிறும் வந்தது. போதகர் கேட்டுவிட்டு வழக்கம்போல அவள் பக்கமே பார்த்தார். சத்தியபாய் எழவில்லை. வேறொருத்தி எழுந்து வயிற்றுவலி தீர்ந்த கதையைச் சொல்லத் தொடங்கினாள். சத்தியபாய் மெல்லத் திரும்பி மகனைத் தேடினாள்.

கடைசி பெஞ்சில் ஜெப்சன் தலை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். கோயிலுக்குள் அவனை அப்படி அவள் பார்த்ததே இல்லை. அவள் சாட்சி சொல்லும்போதெல்லாம் அவன் தலையைத் தொங்கப்போட்டுக் கொண்டல்லவா இருப்பான்.

ஜெபிக்கிறான் என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள்.