கற்பூரவல்லி இலையில் ஆவுடையப்பன்

செடியில் புது வண்டு கண்ணில் பட்டால் முதலில் எதையோ மூடிக்கொள்ள வேண்டும் என்று பெரியப்பா சொல்வார். கண்ணையா, வாயையா என்பது ஆவுடையப்பனுக்கு மறந்துவிட்டது. ஆகவே கொல்லைக் கதவை மூடிவிட்டு வந்து, கற்பூரவல்லித் தொட்டிக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார்.

அந்த ஊரில் புது வண்டுக்குப் புதுப் பெயர் வைப்பதில்லை. கண்டவர் தம் பெயரை அதற்குக் கொடுத்துவிட்டு, அது இருந்த செடியின் பெயரை எடுத்துக்கொள்ள வேண்டும். பதியாமல் விட்டால் எட்டாம் நாள் வண்டு இல்லாமல் போகும். பறந்து போகாது, இல்லாமல் போகும்.

இது சுண்டைக்காய் அளவில், செம்பு நிறத்தில் இருந்தது. முதுகில் ஒரு வெள்ளைப் புள்ளி. மதியத்துக்கு மேல் புள்ளி இடப்பக்கம் நகர்ந்துவிடும்.

ஆவுடையப்பனுக்கு நாற்பத்தெட்டு வயது. டென்மார்க்கில் இருபத்திரண்டு வருடம் அவரை எல்லோரும் 'ஆவு' என்றுதான் கூப்பிட்டார்கள். ஒரு வருட விடுப்பில் ஊருக்கு வந்ததற்குக் கேட்டவர்களிடமெல்லாம் வேறு வேறு காரணம் சொன்னார். முழுப் பெயரைக் காதால் கேட்கத்தான் வந்திருந்தார்.

"ஆவுடையப்பன், காலங்காத்தால தொட்டிக்குள்ள என்னத்தத் தேடுதீரு?"

மதிலுக்கு அந்தப் பக்கம் தூதுவளை அண்ணாச்சி. அவருடைய பழைய பெயர் ஒரு வண்டிடம் இருக்கிறது. போன தேர்தலில் அது வரிசையில் அவருக்கு முன்னால் நின்று ஓட்டுப் போட்டது.

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி."

"ஒண்ணுமில்லாததுக்கா நோட்டும் பென்சிலும்? பேசாம விட்டுரும். எம் பேரச் சொன்னாலே எங்க மாமியாருக்கு இருமல் வந்துருது."

ஆவுடையப்பன் அதைக் கேட்கவில்லை. அண்ணாச்சி முதலில் 'ஆவுடையப்பன்' என்றதுமே வண்டு தலையைத் திருப்பியிருந்தது. இவர் அதற்குப் பிறகுதான் திரும்பினார். முழுப் பெயர் காதில் விழுந்து, அது தம்முடையதுதான் என்று தெரிய அவருக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

ஆறு நாள் யோசித்தார். வண்டின் கால்கள் கண்ணாடிபோல் மங்கத் தொடங்கின. ஏழாம் நாள் பதிவகத்துக்குப் போய்ப் படிவத்தை நிரப்பினார். நிறத்தைத் தமிழில் எழுதினார். கால்களை ஆங்கிலத்தில் எழுதினார்.

பதிவாளர் செண்பகவல்லி கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "பேரு முழுசாப் போயிரும் சார். இனிஷியலை வேணா வச்சுக்கலாம்."

"இந்தப் பேரை முழுசாக் கேக்கத்தான் மேடம் அவ்வளவு தூரத்துல இருந்து வந்தேன்."

"கூப்பிட்டா அது திரும்புதா?"

"எனக்கு முன்னால திரும்புது."

"பெறகு என்ன சார் யோசனை?"

அவர் கையெழுத்துப் போட்டார். செண்பகவல்லி முத்திரை குத்தி, "அடுத்தவங்களை வரச் சொல்லுங்க, கற்பூரவல்லி சார்" என்றார்.

வீட்டுக்கு வந்தபோது ஆவுடையப்பன் இலை நுனியில் இருந்தது. ஆறு காலும் கருகருவென்று இருந்தன.

அந்த மாதக் கடைசியில் டென்மார்க்கிலிருந்து கடிதம் வந்தது. விடுப்பு முடிகிறதாம், ஒன்றாம் தேதி வேலையில் சேராவிட்டால் வேறு ஆளை எடுத்துவிடுவார்களாம். உறையில் பெயர் தெளிவாக இருந்ததால் தபால்காரர் அதை நேராகத் தொட்டியில் வைத்துவிட்டுப் போனார். ஆவுடையப்பன் வரி வரியாக நடந்து இரண்டு நாளில் வாசித்து முடித்தது.

"போயிட்டு வாறேன்" என்றது.

கற்பூரவல்லி நாலு இலையைப் பறித்து ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்தார். பாஸ்போர்ட்டையும் எடுத்துக் கொடுத்தார்.

"அங்க ஆவுன்னுதான் கூப்பிடுவாங்க. முழுசாச் சொல்லுத வரைக்கும் திரும்பாத."

"சரி."

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ஆவுடையப்பன் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தது.

மதிலுக்கு மேலே அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். "கற்பூரவல்லி, நீரும் போறீரா?"

கற்பூரவல்லி உடனே திரும்பினார். இங்கேயே இருப்பதென்று முடிவு செய்தார்.