மஞ்சள் கோட்டுக்கு வெளியே

பெரியப்பாவின் தோளில் இருந்த கட்டியை நான் முதலில் பார்த்தது கார்த்திகையில். அப்போது அது ஊறிய கடலைப்பருப்பு அளவுதான். மார்கழி பிறந்தபோது அரைநெல்லிக்காய் ஆகிவிட்டது. சிவப்பும் ஊதாவும் கலந்த நிறம். தோல் இறுகிப் பளபளத்தது. யாரோ முன்பின் தெரியாத ஒருவர் இரவோடு இரவாக வந்து அங்கே குடியேறிவிட்டதுபோல எனக்குத் தோன்றும்.

"வலிக்குதா பெரியப்பா?"

"வலிச்சா சொல்ல மாட்டனா? காப்பு காச்சிருக்குதும்மா. சாமி குடுத்தது."

எங்கள் ஊரில் அதை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள். தை மாதம் மணலூர்பேட்டை ஆற்றுத் திருவிழாவுக்கு மற்ற ஊர்ச் சாமிகள் பலவும் டிராக்டரில் வந்துவிடுகின்றன. எங்கள் அம்மன் இன்னும் தோளில்தான் போகிறாள். வருஷமெல்லாம் கரும்புக்கட்டு சுமக்கிற அதே தோள்கள், திருவிழா வந்தால் அவள் பல்லக்கின் வாரையை, அந்த நீளமான மரத்தண்டை, தாங்கும். காய்த்துப்போன தோளைச் சட்டை போடாமல் காட்டிக்கொண்டு நடப்பது அவர்களுக்குப் பெருமை. பெரியப்பா கொளஞ்சியப்பன் முன்வாரை ஆள்.

எனக்கு மற்றவர்களின் காப்பையும் பார்க்க வேண்டும்போல இருந்தது. டீக்கடையில் சின்னராசு சித்தப்பாவின் தோளை அழுத்திப் பார்த்தேன்.

"இன்னாம்மா தனு, சந்தையில மாடு புடிக்க வந்தவ மாதிரி பாக்கிற?"

"ஒரு நிமிஷம் இருங்க சித்தப்பா."

குதிகால் தோல்போலத் தடித்து, தட்டையாக, உடம்பின் நிறத்திலேயே இருந்தது. பெஞ்சில் இருந்த மற்றவர்களுக்கும் அப்படியே. எத்தனையோ வருஷமாகக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்றார்கள்.

"உங்க பெரியப்பனுக்கு மட்டும் அவ ஜாஸ்தி குடுத்துட்டா. முன்னாடி நிக்கிறான் இல்ல!" என்றார் சித்தப்பா. கடையே சிரித்தது.

வீட்டுக்கு வந்து, டாக்டரிடம் காட்டலாம் என்றேன்.

"கத்தி வெப்பாங்க. ஆத்துக்குப் போயி வந்து பாத்துக்கலாம்."

"அதுக்குள்ள இன்னும் பெருசாயிடும் பெரியப்பா."

"ஆவட்டும். நான் நிக்காம ஒரு வருசம்கூட அவ ஆத்துக்குப் போனதில்ல."

அந்த வாரமே வெள்ளோட்டம். வாரைகளுக்கு மஞ்சள் குழைத்துப் பூசி, அது காய்வதற்குள், அம்மனுக்குப் பதில் மணல் மூட்டைகளை ஏற்றிக் கோயிலை ஒரு சுற்று வந்தார்கள். இறக்கி வைத்து நிமிர்ந்தபோது ஒவ்வொரு தோளிலும் கழுத்தை ஒட்டி ஒரு மஞ்சள் கோடு. காப்பு காய்த்திருந்த இடங்களின் மேலேயே அது ஓடியது. பெரியப்பா தோளிலும் கோடு இருந்தது. ஆனால் கட்டி அதில் இல்லை. நாலு விரல் தள்ளி, கை தொடங்குகிற இடத்தில், துளி மஞ்சள் படாமல் தனியாக நின்றது.

போனில் படம் எடுத்து அவரிடம் நீட்டினேன். சின்னராசு சித்தப்பாவும் எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, வாரையே அங்க படலியே. அப்புறம் எப்பிடிண்ணே காப்பு காய்க்கும்?"

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. பெரியப்பா விரலால் கோட்டைத் தொட்டார். பிறகு கட்டியை. மறுபடியும் கோட்டை.

"காலைல எந்த பஸ்ஸு?" என்று என்னைக் கேட்டார்.

கள்ளக்குறிச்சியில் தோல் டாக்டர் கட்டியிலிருந்து சின்னத் துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் எங்களை உட்கார வைத்துப் பேசினார்.

"வலியே இல்ல, ஆனா வேகமா பெருசாவுது. அதான் எனக்கு மொதல்லயே சந்தேகம். மெர்க்கல் செல் புற்றுநோய்னு பேரு. ரொம்ப அபூர்வம். வெயில் ஜாஸ்தி பட்ட தோல்ல வரும். சீக்கிரம் பரவும். அதனால பொங்கலுக்கு முன்னாடியே எடுத்துடணும். அக்குள்ல நெறி கட்டியிருக்கான்னும் பாக்கணும். அப்புறம் கதிர்வீச்சு இருக்கும்."

"மெர்க்கல் செல்னா என்னங்க?" என்றேன்.

"மெல்லிசா தொட்டாக்கூடத் தெரியுது இல்ல, அதுக்குன்னு தோல்ல இருக்கிற செல்லு. இந்தக் கட்டியில இருக்கிறதும் பாக்க அது மாதிரியே இருக்கும். அதுலேருந்துதான் வருதான்னு இன்னும் முடிவா தெரியல."

கேட்க எனக்கு இன்னும் நிறைய இருந்தது. பெரியப்பா முந்திக்கொண்டார்.

"வாரை தோள்ல வந்து உக்காருதே, அதுவும் அந்தச் செல்லுனாலதான் தெரியுதுங்களா?"

டாக்டர் ஒரு கணம் அவரைப் பார்த்தார். "அந்தச் செல்லுக்கும் அதுல பங்கு உண்டுங்க."

திரும்பும் பஸ்ஸில் பெரியப்பா ஜன்னலோரம் உட்கார்ந்தார். பின்னால் கல்வராயன் மலை நீலமாகச் சுருங்கிக்கொண்டே போனது. அவர் கை தோளுக்குப் போயிற்று. கட்டிக்கு அல்ல, கழுத்தை ஒட்டி, வாரை உட்காரும் இடத்துக்கு. ரொம்ப நேரம் அங்கேயே இருந்தது.

"சின்னராசுக்கு ஒரு போன் போடு."

போட்டுக் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை.

"நீயே சொல்லு. இந்த வருசம் முன்னாடி அவன் நிக்கட்டும். ஆனா என்னவிட குட்ட. தோள்ல துண்ட நாலா மடிச்சி வெச்சிக்கச் சொல்லு. இல்லன்னா அவ சாஞ்சிக்கினே போவா."