கடைசிப் பாட்டு முடியும்வரை

மய்யித்தைக் குளிப்பாட்ட வெந்நீர் காய்ந்துகொண்டிருந்தபோது, வாசல் பந்தலுக்கு அடியில் இரண்டு பேர் ஒரு பாட்டுக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்றாமவன் பேசாமல் உட்கார்ந்திருந்தான். பக்கத்து வீட்டில் போட்டுக் கொடுத்த டீயைத் தட்டில் ஏந்தி வந்த ஹாஃபிஸா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். துக்க வீட்டில் இப்படியும் ஒரு சண்டையா என்று கோபம் வந்தது. அத்தா உயிரோடு இருந்திருந்தால் அந்தச் சண்டைக்கு நடுவில்தான் நாற்காலியைப் போட்டிருப்பார் என்று தோன்றியதும் கோபம் அழுகையாகிவிட்டது.

இறந்தவர் அவளைப் பெற்ற அத்தா முனீர். முந்தின நாள் சாயங்காலம் நிலக்கோட்டையில் பூ மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த திடலில் சிலுவைமுத்துவின் கச்சேரி. தானே பாட்டுக் கட்டித் தானே பாடுகிற ஆள் சிலுவைமுத்து. தவிலும் பறையும் பின்னால் முழங்க, எதிரே இருக்கும் கூட்டத்தைப் பார்த்துப் பார்த்து அங்கேயே புது வரி சேர்ப்பார். அதனால் ஒரே பாட்டு கீரனூரில் ஒரு மாதிரியும் சித்தையன்கோட்டையில் வேறு மாதிரியும் இருக்கும். இந்தப் பக்கத்தில் அவர் எங்கே பாடினாலும் முன்வரிசையில் முனீர் பாய் செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி நிற்பார். நேற்றும் அப்படித்தான் நின்றார். கடைசிப் பாட்டின்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தவர், ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் மவுத்தாகிவிட்டார்.

திருச்சியில் வாழ்க்கைப்பட்டிருந்த ஹாஃபிஸாவுக்கு அத்தாவின் இந்தப் பாட்டுப் பைத்தியம் கடைசிவரை பிடிபடவே இல்லை. அவருக்கு ஒரு மெட்டையும் ஒழுங்காக முனகத் தெரியாது. அவர் வாயில் எல்லாப் பாட்டும் ஒரே பாட்டுத்தான். தோல் வாங்கவும் விற்கவும் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த மனுஷன் திடீரென்று கச்சேரி கச்சேரியாக அலைய ஆரம்பித்தார். தெருவில் பாட்டுக்காரப் பாய் என்று பெயர் வைத்துவிட்டார்கள். வயதான காலத்தில் இது எதற்கு என்று அவள் போனில் கேட்கும்போதெல்லாம் சிரிப்பார். பதில் மட்டும் வராது.

பெரியத்தா முகமது பாரூக்குக்கு அந்தப் பெயர் அறவே பிடிக்காது. ஒரே வீட்டில் தம்பியோடு முப்பது வருஷமாக இருப்பவர். தம்பி என்றால் உயிர், பாட்டென்றால் வேப்பங்காய். தோல் எடுக்கப் போன இடத்தில் தம்பிக்கு நெஞ்சு வலித்துவிட்டது என்றுதான் காலையிலிருந்து வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கச்சேரியில் தம்பியோடு நின்ற நிலக்கோட்டைக்காரர்கள் மூன்று பேரும் வந்து இறங்கியதும் அவருக்கு முகமே சரியில்லை. ஹாஃபிஸாவைத் தனியே கூப்பிட்டார்.

"டீயக் குடுத்துப் பக்குவமாச் சொல்லி அனுப்பி வச்சிரும்மா. லுஹர் தொழுகைக்கு முன்னாடி ஜமாத்தாளுக வந்துருவாங்க. ஒங்கத்தா பாட்டுக் கேட்டுக்கிட்டே மவுத்தானாருன்னு நாளைக்கு ஊரு பேசக் கூடாது."

அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. ஹாஃபிஸா தலையை ஆட்டிவிட்டுத் தட்டோடு பந்தலுக்குப் போனாள்.

மூன்று பேரும் அம்மா இருந்த அறையின் ஜன்னலை ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலில் கனமான திரை தொங்கியது. பெரியவர் நல்லுசாமி, தக்காளி போடுகிற விவசாயி. அடுத்தவர் ஆனந்த்ராஜ், மோட்டார் மெக்கானிக். கடைசியில் இருந்த கண்ணன் நிலக்கோட்டையிலிருந்து பூ ஏற்றிப் போகிற வேனுக்கு டிரைவர். கச்சேரிகளில் பார்த்துப் பார்த்தே பாயோடு பழக்கமானவர்கள். துக்கத்துக்கு வந்த இடத்தில் என்ன பேசுவதென்று தெரியாமல், தெரிந்த ஒன்றைப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

தக்காளிக்கு விலை கிடைக்காமல் ரோட்டில் கொட்டிய பாட்டைக் கேட்டபோது தன்னுடைய தோட்டமே கண் முன்னால் வந்துவிட்டதென்றும், எழுந்து போய்விடலாமென்று பார்த்தால் கால் வரவில்லையென்றும் நல்லுசாமி சொன்னார். மைக்செட்டுக்காரன் பாதிக் கச்சேரியைப் பாழாக்கிவிட்டான் என்பது ஆனந்த்ராஜின் வருத்தம். ஆனாலும் பூ வண்டிப் பாட்டில் சிலுவைமுத்து குரலை இறக்கிப் பாடிய இடத்தில் தனக்கு மேலெல்லாம் புல்லரித்ததாகச் சொன்னார். சண்டை அங்கேதான். தக்காளிப் பாட்டு இரண்டாவதா, மூன்றாவதா என்பதில் இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. கண்ணன் பக்கத்தில் வைத்த டீயைக்கூடத் தொடவில்லை. ஆனந்த்ராஜ் அவன் பக்கம் முகத்தையே திருப்பவில்லை என்பதையும் ஹாஃபிஸா கவனித்தாள். கிளம்பச் சொல்ல வாய் வராமல் காலித் தட்டோடு அம்மாவின் அறைக்குள் போனாள்.

அம்மா நசீம் பானு பாயில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். வெள்ளைச் சேலை கட்டியாகிவிட்டது. புருஷன் மவுத்தான நேரத்திலிருந்தே இத்தா இருப்பு. அந்நிய ஆண்கள் முன்னால் வரக் கூடாது. யாசீன் ஓதிக்கொண்டிருந்த பெண்கள் அப்போதுதான் எழுந்து உள்கட்டுக்குப் போயிருந்தார்கள். அம்மா ஜன்னல் பக்கம் காதைச் சாய்த்திருந்தாள்.

"மூணாவதுதான்" என்றாள் மெதுவாக. "மொதல்ல பூ வண்டி, அடுத்து கம்மாக்கரைப் பாட்டு. அதுல மைக்கு ஊன்னு கூவுச்சு. அப்புறந்தான் தக்காளி."

ஹாஃபிஸாவுக்கு ஒன்றும் புரியவில்லை. கம்மாக்கரைப் பாட்டைப் பற்றி வெளியில் ஒருவரும் பேசவே இல்லை.

"ஒனக்கெப்படிம்மா தெரியும்?"

அம்மா கதவைச் சாத்தச் சொன்னாள். பிறகு, யாரோ இன்னொருத்தியின் கதையைச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னாள். நாலு வருஷத்துக்கு முன்னால் சித்தையன்கோட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது, வயலைத் தாண்டி எங்கிருந்தோ சிலுவைமுத்துவின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது. மொட்டைமாடியில் துணி எடுக்கப் போனவள் பாட்டு முடிகிறவரை கீழே இறங்கவில்லை. இவளைத் தேடி மேலே வந்த முனீர் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த கச்சேரி எங்கே என்று விசாரித்துக்கொண்டு வந்தார். பெண்டுகள் கச்சேரிக்குப் போகிற வழக்கம் அந்தக் குடும்பத்தில் இல்லை. வீட்டிலும் பெரியத்தா இருக்கும்போது பாட்டு வைக்க முடியாது. மேடையிலேயே மாற்றிப் பாடுகிற மனுஷனின் பாட்டு போனில் தேடினாலும் அப்படியே கிடைக்காது. அதனால் முனீர் போனார். முன்வரிசையில் நின்று இவளுக்குப் போன் போட்டு, அதைத் தூக்கிப் பிடித்தார். இவள் இந்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, முந்தானைக்குள் போனை வைத்துக் கேட்டாள். ஒரு கச்சேரி விடாமல் கேட்டாள்.

"அவுகளுக்குப் பாட்டு ஒண்ணும் வெளங்காது" என்றாள் அம்மா. "இன்னைக்கு எப்டியிருந்துச்சு நசீமுன்னு வந்து என்னையத்தான் கேப்பாக."

ஹாஃபிஸா அம்மாவின் கையைப் பிடித்தாள். நாலு வருஷமாக ஊர்க் கேலியையும் அண்ணனின் சிடுசிடுப்பையும் மகளின் நொடிப்பையும் ஒரே சிரிப்பில் வாங்கிக்கொண்டிருக்கிறார் அந்த மனுஷன். அப்படியென்றால் நேற்று? அந்தக் கேள்வியை அவள் கேட்பதற்கு முன்பே அம்மா சொல்லத் தொடங்கிவிட்டாள்.

"கடைசிப் பாட்டு ஆரம்பிச்சப்ப, இந்தா நசீமுன்னாக. தவிலும் பறையும் ஒண்ணா எறங்குச்சு, ஒரே எரைச்சல். அதுக்குள்ள என்னமோ ஒரு முனகல், போனு எங்கயோ இடிபடுற சத்தம். அதுக்கப்புறம் பாட்டு மட்டுந்தான். முழுப் பாட்டும் கேட்டுச்சு ஹாஃபிஸா. எல்லாருங் கை தட்டுனாங்க. கடைசில ஒரு ஆம்பளக் கொரலு ஹலோங்குது. நான் வாயத் தொறக்கல. பெரியத்தா கூடத்துல இருந்தாக. அப்புறம் பெரியத்தா போனு அடிக்கிற வரைக்கும் இப்டியேதான் ஒக்காந்திருந்தேன்."

அம்மா திரைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுத் தொடர்ந்தாள்.

"ஒரு மனுசக் கொரலு கேக்கல பாத்துக்க. விழுந்த மனுசனச் சுத்தி ஒருத்தராவது அய்யோன்னு சொல்ல மாட்டாங்களா? அவுக மண்ணுல கெடந்துருக்காக, சனம் பாட்டுக் கேட்டுக்கிட்டு இருந்துருக்கு. நாதியத்தாப் போனாக? அத மட்டும் கேட்டுட்டு வா. தூக்கிட்டுப் போறதுக்கு முன்னாடி எனக்குத் தெரியணும்."

ஹாஃபிஸா பந்தலுக்குத் திரும்பியபோது தக்காளிப் பாட்டின் சண்டை ஓய்ந்திருந்தது. ஒரு நாற்காலியை இழுத்து ஜன்னலுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். அத்தா விழுந்தபோது பக்கத்தில் யார் இருந்தது என்று கேட்டாள்.

ஆனந்த்ராஜ் தரையைப் பார்த்தார். எல்லாரும் இருந்தோம் என்றார். பாயின் நல்ல குணத்தைச் சொல்ல ஆரம்பித்தார். ஹாஃபிஸா மறுபடியும் அதையே கேட்டாள். அதற்கு மேல் அவரால் அடக்க முடியவில்லை.

"நானும் பெருசுந்தான் தூக்குனோம்மா. கூட்டத்தப் பொளந்துக்கிட்டுத் தூக்கிட்டு ஓடுறோம். இவன் வரல. திரும்பிப் பாக்குறேன், பாயோட போனத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு நட்டுவச்ச மாதிரி நிக்கிறான். மனுசன் சாகக் கெடக்கான், இவனுக்கு வீடியோ."

கண்ணனின் முகம் செத்துப்போயிற்று. அவன் ஆனந்த்ராஜுக்குப் பதில் சொல்லவில்லை. ஹாஃபிஸாவைப் பார்த்துத்தான் பேசினான்.

"பாய்தான்கா குடுத்தாரு. சரிஞ்சு என் மேலதான் விழுந்தாரு. போனு என் தோள்ல இடிச்சுச்சு. அத என் கையில திணிச்சு, தம்பி, தூக்கிப் புடி, பாட்டு முடியுற வரைக்கும் எறக்கிராதன்னாரு. அவ்வளவுதான். இவுகல்லாம் தூக்கிட்டு ஓடுறாக. எனக்குக் கூட ஓடணும்னுதான் இருந்துச்சு. ஆனா அவரு அப்படிச் சொல்லிட்டாரே. நின்னேன். முடிஞ்சப்புறம் பாத்தா வீடியோ இல்லக்கா, போன் கால் ஓடிக்கிட்டு இருந்துச்சு. நசீமுன்னு பேரு. ஹலோன்னேன், யாரும் பேசல. அப்புறந்தான் அதுல அண்ணன்னு இருந்த நம்பருக்குப் பேசுனேன்."

ஆனந்த்ராஜ் அப்போதுதான் அவன் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

நல்லுசாமி தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஆட்டோவுல தல என் மடியிலதான் தாயி இருந்துச்சு. முடிஞ்சிருச்சான்னு கேட்டாரு. எதக் கேக்குறாருன்னு எனக்கு வெளங்கல. தம்பி புடிச்சுக்கிட்டு இருக்கானான்னாரு. ஆமா பாய், நிக்கிறான்னேன். அதுக்கப்புறம் வாய் மட்டும் அசஞ்சுக்கிட்டே வந்துச்சு. எனக்கு அல்லாங்குற சொல்லு மட்டுந்தான் புரிஞ்சுச்சு. கடைசி வரைக்கும் அதான் சொன்னாரு."

பின்னால் சலசலப்புக் கேட்டு ஹாஃபிஸா திரும்பினாள். அத்தர் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு பெரியத்தா வாசற்படியில் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. தோளில் கிடந்த துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கண்ணன் அடுத்த கேள்வியை மெதுவாகக் கேட்டான். "நான் செஞ்சது தப்பாக்கா? ராத்திரி பூராம் ஒறக்கமில்ல. அந்தப் பக்கம் யாரு இருந்தாக? ஆளே இல்லாத போனையா புடிச்சுக்கிட்டு நின்னேன்?"

திரைக்குப் பின்னாலிருந்து அம்மா மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். ஹாஃபிஸா எழுந்து ஜன்னல் கம்பியில் காதை வைத்தாள். அம்மா சொல்லச் சொல்ல அவளுக்குக் கண்ணீர் நிற்கவில்லை. சொல்லி முடித்ததும் திரும்பி, கண்ணனுக்கு எதிரே வந்து நின்றாள்.

"அம்மாதான் தம்பி கேட்டாங்க. எப்பவும் அவுங்கதான் கேப்பாங்களாம். ரெண்டாவது சரணத்துல நீங்க கை மாத்துனீங்களாம். சத்தம் செத்த தள்ளிப் போயித் திரும்ப வந்துச்சாம். அதுக்கப்புறம் ஒரு சொல்லு விட்டுப்போகலன்னு சொல்லச் சொன்னாங்க."

கண்ணன் ஜன்னலைப் பார்த்தான். "ஆமாக்கா, கை கடுத்துச்சு, மாத்துனேன்" என்று சொல்ல வந்தவன் ஆமாவோடு நிறுத்திக்கொண்டு, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். ஆனந்த்ராஜ் தன் நாற்காலியை விட்டு எழுந்து அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். ஆறிப்போன டீயை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

அதன் பிறகு காரியங்கள் மளமளவென்று நடந்தன. குளிப்பாட்டி, கபன் துணி உடுத்தி, கூடத்தில் கிடத்தினார்கள். கடைசியாக முகம் பார்க்க அம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்துவந்தார்கள். அவள் அழுது புரளவில்லை. குனிந்து, அவர் காதருகே என்னவோ சொன்னாள். துஆவாக இருக்கும் என்று பெண்கள் நினைத்தார்கள். பக்கத்தில் நின்ற ஹாஃபிஸாவுக்கு மட்டும் கேட்டது. நேத்து ரொம்ப நல்லா இருந்துச்சு என்றாள் அம்மா.

லுஹருக்கு முன்னால் மய்யித்தைச் சந்தூக்குப் பெட்டியில் வைத்து வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். தெரு நிறைய ஆட்கள். அம்மா அறைக்குத் திரும்பிப் பாயில் உட்கார்ந்துகொண்டாள். ஹாஃபிஸா திரையின் ஓரத்தை விலக்கிப் பார்த்தாள். நிலக்கோட்டைக்காரர்கள் மூன்று பேரும் முறை தெரியாமல் எதிர்ச் சுவரோரம் ஒதுங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருந்தார்கள். முன்பக்கம் தோள் கொடுக்க நின்ற பெரியத்தா கூட்டத்துக்குள் யாரையோ தேடினார். பிறகு தான் விலகி இடம் விட்டு, கண்ணனைப் பார்த்துக் கையசைத்தார்.

"இங்கிட்டு வாங்க தம்பி. நீங்க புடிங்க."

கலிமாச் சத்தம் எழுந்தது. சந்தூக்கு உயர்ந்து ஆட்களின் தலைக்கு மேலாக நகர்ந்தது.

"யாரு தூக்குறா?" என்று பாயிலிருந்து அம்மா கேட்டாள்.

ஹாஃபிஸா சொந்தக்காரர்கள் பேரைச் சொன்னாள். அப்புறம், "அந்தப் பூ வண்டித் தம்பியும்மா" என்றாள்.

"எந்தப் பக்கம்?"

"தலமாட்டுல."

தெரு முனை திரும்பும்வரை சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு கேட்கவில்லை. முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து உட்காரும்போதெல்லாம் மடக்கியே வைத்திருந்த காலை அம்மா அப்போதுதான் பாயில் நீட்டினாள்.