கயிற்றில் ஒரு பிசிறு

அவனை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நிதானம் என்றால்தான் தெரியும். பள்ளத்தில் மாட்டிக்கொண்ட வண்டிகளை வின்ச் வைத்து இழுத்து மேலே ஏற்றுவது அவன் தொழில். ஜீப்பின் முன்னால் மோட்டார் வைத்த டிரம், அதில் சுற்றிய கயிறு, கையில் ஒரு ரிமோட். வண்டிக்காரன் தலையில் கை வைத்துக்கொண்டு கத்தும்போது இவன் பாட்டுக்குக் கயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டு நிற்பான். அந்தப் பட்டப்பெயரை வைத்ததே அவன் மாமியார்தான்.

அன்றைக்குக் கல்குழி விளிம்பில் தொங்கிய காருக்குள் உட்கார்ந்திருந்ததும் அதே மாமியார்தான்.

மழை விட்ட மறுநாள் காலை. மச்சான்காரன், அதாவது பெண்டாட்டியின் தம்பி, அம்மாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போகிறேன் என்று கிளம்பியவன், குறுக்கு வழி என்று பழைய கல்குழி ஓரமாகக் காரை விட்டிருக்கிறான். களிமண் சரிவு. பிரேக் போட்டதில் சக்கரம் நின்றது, கார் நிற்கவில்லை. முன்சக்கரம் இரண்டும் விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் தொங்கின. கீழே ஆளை மூழ்கடிக்கும் பச்சைத் தண்ணீர். பயத்தில் மகன் மட்டும் குதித்துவிட்டான்.

மகன் ஓட்டுகிற வண்டியில் முன்சீட்டில் உட்காரமாட்டேன் என்பது அந்த அம்மாளின் வைராக்கியம். அந்த வைராக்கியமும் உடம்பின் கனமும்தான் இப்போது காரின் பின்பக்கத்தைத் தரையோடு அழுத்தி வைத்திருந்தன. எழுந்து இறங்கப் பார்த்தால், ஒரு கால் வெளியே வருவதற்குள் கார் போய்விடும்.

போன் வந்ததும் நிதானமும் பெண்டாட்டியும் போட்டது போட்டபடி கிளம்பி வந்தார்கள். ஜீப்பை ஓட்டி வந்தது அவள். அம்மாவைப் பார்த்ததும் நேரே விளிம்புக்கு விடப் போனாள்.

"இங்கயே நிறுத்து. அதுக்கு மேல மண்ணு இளக்கம்" என்றான். "காருக்கு நேர் பின்னால, மூக்கு அந்தப் பக்கம் பார்க்கிற மாதிரி."

ஜல்லி கொட்டிக் கெட்டியாக இருந்த இடத்தில் நிறுத்தினாள்.

"மச்சான், நின்னு நிலம் அளந்துக்கிட்டு இருக்கீங்களே! சீக்கிரம் கொக்கிய மாட்டுங்க!" மச்சான்காரன் ஓடி வந்தான்.

"நீ முதல்ல ரெண்டு கல்லு பொறுக்கிட்டு வா. பெருசா."

நிதானம் பூனை மாதிரிப் போய்க் காரின் பின்சக்கரங்களுக்கு முன்னால் கல்லை அண்டக் கொடுத்தான். கண்ணாடி பாதி இறங்கியிருந்தது.

"வந்துட்டீங்களா மாப்ள," என்றது உள்ளிருந்து குரல். "நல்லவேளை. அடுத்த மழைக்குள்ள வெளிய எடுத்துடுவீங்கல்ல?"

"அசையாம இருங்க அத்தை."

"மூச்சு விடலாமா, அதுக்கும் உங்ககிட்ட கேக்கணுமா?"

குரலில் கிண்டல் இருந்தது. முன்சீட்டைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப் போயிருந்ததையும் அவன் பார்த்தான்.

திரும்பி வந்து டிரம்மின் பிடியைத் தளர்த்திக் கயிற்றை உருவ ஆரம்பித்தான். முன்பு இருந்தது இரும்புக் கயிறு. அதன் முள் குத்திக் குத்தி அவன் உள்ளங்கை சல்லடையாகிவிட்டது என்று பெண்டாட்டிதான் சண்டை போட்டு இந்த இழைக் கயிற்றுக்கு மாற்ற வைத்தாள். இரும்பைவிடத் திடம், தூக்கினால் துணி மாதிரி. ஆனால் இதற்கு ஒரு பலவீனம் உண்டு. கூரான எது பட்டாலும் தாங்காது. அதனால் ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் முழுக் கயிற்றையும் விரலுக்கிடையில் விட்டுப் பார்ப்பான்.

இப்போதும் விட்டுப் பார்த்தான்.

"இந்த நேரத்துலயுமா!" மச்சான்காரன் அழுதேவிட்டான். "உள்ள இருக்கிறது எங்கம்மா மச்சான்!"

கொக்கியிலிருந்து ஏழெட்டு அடி தள்ளி, விரல் நின்றது. பஞ்சு மாதிரி ஒரு பிசிறு. விரித்துப் பார்த்தால் இரண்டு புரி பாதிக்கு மேல் அறுந்திருந்தது. இதை மாட்டி இழுத்திருந்தால் கார் பாதி ஏறும்போது கயிறு போயிருக்கும். காரும் போயிருக்கும்.

கயிறு அறுந்தது எதனால் என்று அந்த நொடியே தெரிந்துவிட்டது. கயிறு நுழைந்து வருகிற ரோலர். இரும்புக் கயிறு ஓடி ஓடிப் பள்ளம் விழுந்து ஓரமெல்லாம் பிளேடாகக் கிடக்கிற பழைய ரோலர். கயிற்றை மாற்றியவன் அதையும் மாற்றியிருக்க வேண்டும். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று அவனேதான் தள்ளிக்கொண்டு வந்தான்.

பெண்டாட்டி அவன் முகத்தைப் பார்த்தாள். "என்னங்க?"

"கயிறு அறுந்திருக்கு. வெட்டித்தான் ஆகணும்."

அவள் உடனே டூல் பையிலிருந்து கத்தியை எடுத்துக் கொடுத்தாள், அரத்தைத் தன் கையில் வைத்துக்கொண்டாள். ரோலர் என்று அவன் சொல்லாமலே அவளுக்குப் புரிந்துவிட்டது.

பிசிறு வரை வெட்டி எறிந்தான். அந்தக் கயிறு உள்ளே குழல் மாதிரிக் கூடாக இருக்கும். நுனியில் டேப் சுற்றி, கொக்கி மாட்டும் இரும்பு வளையத்தைச் சுற்றி வளைத்து, வளைத்த கம்பியால் நுனியைக் கயிற்றின் வயிற்றுக்குள்ளேயே இழுத்துவிட்டான். ஒன்றரை முழம் உள்ளே போக வேண்டும். இழுக்க இழுக்கத் தானே இறுகிக்கொள்ளும். நழுவாமல் இருக்கக் குறுக்கே தையலும் போட்டான். அதற்குள் அவள் ரோலரை அரத்தால் ராவி, ஒரு பழந்துணியை அதன்மேல் ஓட்டிப் பார்த்தாள். நூல் மாட்டுகிற இடமெல்லாம் மறுபடி ராவினாள். துணி வழுக்கிக்கொண்டு போகும்வரை விடவில்லை.

காரின் பக்கம் களக்கென்று ஒரு சத்தம். ஒரு கல் சேற்றில் இறங்கியது. கார் கொஞ்சம் முன்னால் நகர்ந்து நின்றது.

"மாப்ள," என்றது குரல். இந்தத் தடவை கிண்டல் இல்லை.

"இதோ அத்தை. இந்தா வந்துட்டேன்."

கொக்கியைக் காரின் பின்பக்க வளையத்தில் மாட்டினான். கயிற்றின் நடுவில் ஈரச்சாக்கைப் போட்டான், அறுந்தால் துள்ளாமல் இருக்க. ஜீப்பின் பானெட்டைத் தூக்கி நிறுத்தினான், அப்படியே துள்ளினாலும் ஜீப்பில் ஏறி உட்கார்ந்த பெண்டாட்டியின் முகத்துக்கு வராது. டிரம்மில் எட்டுப் பத்துச் சுற்று மிச்சம் இருந்தது, பிடிமானத்துக்கு அது போதும்.

"இன்ஜின் ஓடட்டும், பிரேக்கிலிருந்து கால எடுக்காத. டேய் மச்சான், கயித்துக்குப் பக்கத்துல நிக்காத, அந்தப் பாறைக்குப் பின்னால போ."

தானும் ஒதுங்கி நின்று ரிமோட்டை அழுத்தினான்.

கயிறு விறைத்தது. விட்டான். தையலைப் பார்த்தான், இறுகியிருந்தது. மறுபடி அழுத்தினான். பின்சக்கரம் சேற்றைக் கிழித்துக்கொண்டு ஒரு சாண் பின்னால் வந்தது. நிறுத்தினான்.

"ஏன் நிறுத்துறீங்க!" என்றது பாறைக்குப் பின்னாலிருந்து.

"மோட்டாருக்கு மூச்சு வாங்குதுடா. பொறு."

இழுத்தான், நிறுத்தினான், இழுத்தான். முன்சக்கரம் ஒன்று விளிம்பைத் தொட்டு, மண்ணை இடித்துத் தள்ளிக்கொண்டு ஏறியது. இன்னொன்றும் ஏறியது. நான்கும் தரையில் நின்ற பிறகும் அவன் விடவில்லை. ஜல்லி வரை கொண்டுவந்து, கல் வைத்து, மச்சானை விட்டு ஹேண்ட் பிரேக் போட வைத்தான். பிறகுதான் ரிமோட்டைக் கீழே வைத்தான். வைத்ததும் அப்படியே ஜல்லிமேல் உட்கார்ந்துவிட்டான்.

பெண்டாட்டி ஓடிப்போய்க் கதவைத் திறந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். இருவரும் அழுதார்கள், சிரித்தார்கள், மறுபடி அழுதார்கள். அந்த அம்மாள் இறங்கியதும் மகன் முதுகில் ஒன்று வைத்தாள். அடி விழுந்ததும் அவனுக்கும் உயிர் வந்த மாதிரி இருந்தது. இளித்தான்.

பிறகு அந்த அம்மாள் வெட்டி எறிந்த கயிற்றுத் துண்டைக் கையில் எடுத்தாள்.

"இது ஏன் மாப்ள அறுந்துச்சு?"

அவன் மறைக்கவில்லை. "ரோலர் தேஞ்சு போச்சு அத்தை. மாத்தணும். நாந்தான் தள்ளிப் போட்டுட்டேன்."

"எத்தனை தடவை சொல்லிட்டேம்மா!" என்றாள் பெண்டாட்டி.

மாமியார் அந்தப் பிசிறைக் கட்டைவிரலால் நிமிண்டிப் பார்த்தாள்.

"இதைக் கண்டுபிடிச்சீங்களே. அதுக்காகத் திட்டாம விடறேன்" என்றாள். பிறகு ஜீப்பின் முன்சீட்டில் ஏறி, துண்டை மடியில் வைத்துக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தாள்.

"வீட்டுக்குப் போலாமா அத்தை? இல்ல, கண் டாக்டர்கிட்டயா?"

"கண்ணு எங்க ஓடிப்போகுது? முதல்ல அந்த ரோலர் கடைக்கு விடச் சொல்லுங்க" என்றாள். "மெதுவாவே போங்க, பரவாயில்ல."